வக்கீலுக்கும் எனக்கும் ஒரே நோட்டீஸ்

அவளைக் குச்சியக்கா என்று கூப்பிட ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் இருபது வருடம் அவள் வெறும் அக்கா. விலங்கு மருத்துவமனையில் தரை துடைக்க வந்தவள். வந்த மூன்றாம் நாள் ஒரு பூனை டாக்டரின் கையைக் கிழித்துவிட்டு மருந்து அலமாரியின் மேல் ஏறிக்கொண்டது. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரத் துண்டை அதன் மேல் வீசி, துண்டோடு சுருட்டி இறக்கினாள். "தரையை வேற யாராவது துடைக்கட்டும்" என்றார் டாக்டர், கையில் கட்டுப் போட்டுக்கொண்டே. அன்றிலிருந்து பிடிக்கிற வேலை அவளுடையது.

பிடிப்பதற்கு அவளிடம் ஒரு முறை உண்டு. நாயின் கண்ணைப் பார்க்க மாட்டாள். பக்கவாட்டில் நின்று, கழுத்துக்குக் கீழே ஒரு கை, வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்து, தன் இடுப்போடு சேர்த்துக்கொள்வாள். நாய் மூச்சை முழுதாக வெளியே விடும்வரை அசைய மாட்டாள். விட்டதும் "இப்போ" என்பாள். டாக்டர் ஊசியைப் போடுவார். ஒரே ஒரு தடவை அவள் சொல்வதற்கு முன்பே போட்டார். கடி வாங்கியது அவள். இடது முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு இருக்கிறது. யாராவது கேட்டால், "டாக்டரோட கையெழுத்து" என்று காட்டுவாள்.

கல்யாணமான நான்காம் வருடம் புருஷன் வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். தகவலும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஒரு வருடம் பார்த்தாள். பிறகு அவருடைய ஆறு சட்டைகளையும் கிழித்து, கிளினிக்கில் மேசை துடைக்கக் கொண்டுபோனாள். "நல்ல பருத்தி. ஈரத்தை நல்லா இழுக்குது" என்று டாக்டர் சொன்னாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் சிரிப்பாள். கேட்பவர்களுக்குத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

அப்போதிருந்து தம்பி வீட்டில் இருக்கிறாள். தம்பி பஸ் பணிமனையில் மெக்கானிக். தம்பி மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு கூடம், துணி காயும் அளவுக்கு ஒரு பால்கனி. இவர்களோடு வக்கீல்.

வக்கீல் என்பது நாய். யாரோ கிளினிக் வாசலில் அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுப் போனது. உடம்பு முழுக்கக் கறுப்பு, கழுத்துக்குக் கீழே மட்டும் இரண்டு வெள்ளைக் கீற்று. பெயரை வைத்தது தம்பி. தட்டில் சோறு வைத்தாலும் முதலில் தட்டைப் பார்த்து நாலு வார்த்தை குரைத்துவிட்டுத்தான் தின்னும். "வக்கீல் குளிச்சாச்சா?" "வக்கீல் சோபாவுல ஏறிட்டார் பாரு" என்று வீட்டுக்குள் சத்தம் கேட்கும். பார்சல் கொண்டுவந்த ஒருவர் வாசலில் நின்று, "சார் இருந்தா பார்க்கணும், நிலத் தகராறு ஒண்ணு" என்று கேட்டதும் உண்டு.

வீட்டில் பிரிட்ஜின் மேல் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. எல்லாம் அதில் தொடங்கியது.

டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதுவார். நாய் இரண்டாம் நாளே வாலை ஆட்டும். அதற்குமேல் அதன் வாயைத் திறந்து மாத்திரையைப் போட வீட்டுக்காரர்களுக்குப் பொறுமை இருக்காது. மிச்ச அட்டையை அடுத்த முறை வரும்போது அவள் கையில் கொடுத்துவிடுவார்கள். செத்துப்போன பிராணியின் மாத்திரையும் வரும். அதை வீட்டில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வராது. "தூக்கிப் போட்டுடு" என்பார் டாக்டர். மருந்தைத் தூக்கிப் போட அவளுக்குக் கை வரவில்லை. டப்பாவுக்கு வந்தது.

பாதிக்குமேல் மனிதர்களின் மருந்துக்கடையில் வாங்கியவைதான். "அட்டையில நாய்ப் படமா போட்டிருக்கு?" என்று தம்பி கேட்டான். தொண்டை கரகரத்தால் இரண்டு, காய்ச்சல் அடித்தால் மூன்று. சரியானதும் நிறுத்திவிடுவான். பிறகு எதிர்வீடு. பிறகு கீழ்வீடு. "மூணாவது மாடியில கேட்டுப் பாரு" என்பது கட்டடத்தில் ஒரு வழக்கமாகிப்போனது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நாலாவது மாடி. இருமல் வந்தால் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்து, "அந்த சிவப்பும் மஞ்சளும் கலந்தது இருக்குங்களா?" என்று நிறம் சொல்லிக் கேட்பார். அவளும் எடுத்துக் கொடுப்பாள். வக்கீலுக்கு வயிறு கலங்கினால் வக்கீலுக்கும் அதே டப்பாதான். சோற்று உருண்டைக்குள் வைத்து இரண்டு வேளை.

பதினோரு வருடம் இப்படி. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவளை நாலு பேர் தேடி வந்தார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் கிளினிக்குக்கு ஒரு லேப்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டைப்பையில் நாலு பேனா வைத்திருப்பார், எழுத அவளிடம் ஒன்று கேட்பார். வீட்டு நாய்களும் பூனைகளும் குடலில் என்ன பாக்டீரியாவைச் சுமக்கின்றன, அதில் எத்தனை மருந்துக்கு அடங்காதவை என்று பார்க்கிற ஆய்வு. நோயுள்ள பிராணி வேண்டாம். தடுப்பூசி போட வருகிற, நன்றாக இருக்கிற பிராணிதான் வேண்டும். பின்பக்கம் பஞ்சுக் குச்சியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, குழாயில் போட்டு மூட வேண்டும். அவரே எடுத்துப் பார்த்தார். முதல் பூனையோடு அந்த ஆசை முடிந்தது. மற்றதெல்லாம் அவள் எடுத்தாள். குச்சியக்கா என்ற பெயர் அப்போது வந்தது.

படிவத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. வீட்டில் உள்ளவர்களும் விரும்பினால் தங்கள் மாதிரியைத் தரலாம். அதற்கென்று தனியாக ஒரு பெட்டி குழாய்கள் வந்திருந்தன. ஒருவரும் வாங்கவில்லை. ஓர் அம்மா மட்டும், "எங்க வீட்டுக்காரருக்கு வேணா எடுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்றாள். பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

முப்பத்தேழாவது குழாய் வக்கீலுடையது.

முடிவு ஓர் உறையில் வந்தது. அந்த வாரம் பார்த்துத் தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தான். சிறுநீரகக் கல்லை எடுத்தார்கள். மறுநாள் காய்ச்சல். கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. மாற்றிக் கொடுத்ததும் கேட்கவில்லை. நாலாம் நாள் ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்துவிட்டு, சாதாரண மருந்துக்கு அடங்காத கிருமி என்று சொல்லி ஊசி மருந்தை ஏற்றினார்கள். உடம்பு தேறத் தொடங்கியது. தம்பி மனைவி மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் மேசையில் கிடந்த உறையைப் பிரித்தாள். அதில் வக்கீலின் எண்ணுக்கு எதிரே அதே சொற்கள் இருந்தன.

குச்சியக்கா வேலை முடிந்து வந்தபோது அவள் கதவருகிலேயே தாளோடு நின்றிருந்தாள்.

"அண்ணி, இது என்ன?"

"வக்கீலோட ரிசல்ட்டா? குடு பார்ப்போம்."

"நான் பார்த்துட்டேன். அவருக்கு வந்தது எங்கேர்ந்துன்னு டாக்டர் கேட்டாங்க. நான் முழிச்சிட்டு நின்னேன். வீட்டுக்குள்ளயே சோபாவுல உக்காந்திருந்திருக்கு."

"ஏம்மா, இது வேற, அது வேறயாகூட இருக்கலாம்."

"இருக்கலாம், இருக்கலாம். பன்னெண்டு நாளா நான் ஆஸ்பத்திரி பெஞ்சுல தூங்கறேன் அண்ணி. அவர் வீட்டுக்கு வர்றதுக்குள்ள இது போகணும். உங்களை நான் ஒரு வார்த்தை சொல்லல. இது போகணும்."

அவள் பொய்யாகப் பயப்படுகிறவள் அல்ல. அழுதுகொண்டே எதிர்வீட்டில் சொன்னாள். எதிர்வீடு மேலே சொன்னது. மறுநாள் காலை வாசல் பலகையில் செயலாளரின் கையெழுத்தோடு நோட்டீஸ்: மூன்றாவது மாடியில் வளர்க்கப்படும் நாய் ஆபத்தான கிருமியைச் சுமப்பது தெரியவந்துள்ளதால், வரும் திங்கட்கிழமைக்குள் அதை வளாகத்தை விட்டு அகற்ற வேண்டும். ஆட்சேபம் இருந்தால் ஞாயிறு கூட்டத்தில் சொல்லலாம்.

ஒன்பது வயது நாய். எந்த வீடும் எடுக்காது. தெருவில் விட்டால் ஒரு வாரம் தாங்காது. அது குச்சியக்காவைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது. கிளினிக்கில் அப்படி விடப்பட்டவை வந்து சேர்வதை அவள் பார்த்துக்கொண்டே இருப்பவள்.

அன்று மதியம் லேப்காரரிடம் தாளை நீட்டினாள். "சார், இதைப் படிச்சுச் சொல்லாதீங்க. காட்டுங்க."

அவர் போனில் இரண்டு படம் காட்டினார். கண்ணாடித் தட்டு, அதில் கிருமி பால் ஏடு மாதிரிப் படர்ந்திருந்தது. நடுவே நடுவே மருந்து தோய்த்த வட்டக் காகிதங்கள். முதல் தட்டில் ஒவ்வொரு காகிதத்தைச் சுற்றியும் ஒரு வெற்று வளையம். "அங்க கிருமி செத்துடுச்சு." இரண்டாவது வக்கீலின் தட்டு. ஐந்து காகிதங்களைச் சுற்றி வளையமே இல்லை. ஏடு காகிதத்தின் விளிம்பு வரை வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"நாய்க்கு நோய் இல்லக்கா. குடல்ல சும்மா இருக்கு. சில மாசத்துல தானாவே போனாலும் போகும். பலவீனமான உடம்புக்குள்ள புகுந்தாதான் தொல்லை. மலத்தைத் தொட்ட கை, நக்கின வாய், அப்படித்தான் போகும்."

"தம்பிக்கு நாய்கிட்டேர்ந்துதான் வந்ததா?"

"தெரியாது. அவர் வயித்துலயே இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில வந்திருக்கலாம். நாய் அவருக்குக் குடுத்திருக்கலாம், அவர் நாய்க்குக் குடுத்திருக்கலாம். இந்தத் தாள் அதைச் சொல்லாது. அது சரி, கடைசியா இதுக்கு எப்போ ஆன்டிபயாட்டிக் குடுத்தீங்க?"

"போன மாசம். ரெண்டு மாத்திரை. டப்பாவுலேர்ந்து."

"எந்த டப்பா?"

சொன்னாள். அவர் பேனாவை எடுத்தார், திரும்பச் சட்டைப்பையில் வைத்தார்.

"அஞ்சு நாள் குடுக்கவேண்டியதை ரெண்டு நாள்ல நிறுத்தறது. வேண்டாத நோய்க்குக் குடுக்கறது. எளிய கிருமி சாகும், முரட்டுக் கிருமி நிக்கும். நீங்க அதுக்கு இடம் காலி பண்ணிக் குடுத்திருக்கீங்க. யார் யாருக்குக் குடுத்தீங்க அக்கா?"

"கட்டடத்துக்கே" என்றாள்.

அவள் எழுந்துபோய் நாய்க் கூண்டுகளைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய கூண்டுகள். பிறகு பிரிக்காமல் கிடந்த பெட்டியைப் பிரித்து, ஒரு குழாயை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போனாள். வந்து லேப்காரரின் கையில் வைத்தாள். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வேணும்."

சனிக்கிழமை மாலை முடிவு வந்தது. டப்பாவிலிருந்த மாத்திரைகளை எல்லாம் அன்றே கிளினிக்கின் மருந்துக் கழிவுப் பெட்டியில் கொட்டினாள். இந்தத் தடவை கை வந்தது.

கூட்டம் கீழே வண்டி நிறுத்துமிடத்தில். முப்பது நாற்காலி, ஒரு மேசை. வாட்ச்மேன் இரண்டு ஸ்கூட்டர்களை நகர்த்தி இடம் பண்ணியிருந்தார். கடைசி வரிசையில் தம்பி மனைவி. குச்சியக்கா வக்கீலைக் கயிற்றில் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, அதை மேல விட்டுட்டு வந்திருக்கலாமே" என்றார் செயலாளர்.

"அதைப் பத்தித்தானே சார் கூட்டம்."

"பிராணி மேல எனக்கும் பிரியம் உண்டு. ஆனா குழந்தைங்க இருக்கிற இடம். மருந்துக்கு அடங்காத கிருமி. உங்க தம்பியே படுத்திருக்கார். இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

"நான் சொல்றேன்." அவள் ஒரு தாளை மேசைமேல் வைத்தாள். "இது வக்கீலோட ரிசல்ட். நீங்க பார்க்காமலே நோட்டீஸ் போட்டது." பக்கத்தில் இன்னொன்றை வைத்தாள். "இது என்னோடது. எனக்கும் இருக்கு. அதுவும் அஞ்சு மருந்துக்கு அடங்காதது. நோட்டீஸ்ல என் பேரையும் சேர்த்துடுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நோட்டீஸ் போதும்."

முன்வரிசை நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது.

"என்னம்மா இது. நீங்க மனுஷி."

"கிருமி வரும்போது அதைக் கேக்கலியே சார்."

யாரோ சிரித்து நிறுத்தினார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன். இந்தக் கிருமி வளர்ந்தது நாயோட தப்பு இல்ல. என் தப்பு. பதினோரு வருஷமா மிச்ச மாத்திரையை வெச்சிருந்து இந்தக் கட்டடத்துக்கே ரெண்டு ரெண்டா குடுத்தேன். உதவின்னு நினைச்சுக் குடுத்தேன். அப்படிக் குடுத்தா அடங்காதது மட்டும் தங்கிடுமாம். எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறதால தப்பு இல்லைன்னு ஆகாது. நாய் யாருக்கும் மாத்திரை குடுக்கல. நாய் யார் வீட்டுக் கதவையும் தட்டி மாத்திரை கேக்கவும் இல்ல."

இப்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அப்ப எங்களுக்கும் இருக்கும்கறியா?" என்று கேட்டது இரண்டாவது மாடி டீச்சர். ரிட்டயர் ஆகியும் குரல் ஆகவில்லை.

"இருக்கலாம் டீச்சர். இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் பயப்படற மாதிரி இல்ல, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாப் பாதி வேலை முடிஞ்சுது. தெரிஞ்சுக்கணும்னா இதோ." பையிலிருந்து குழாய்களை எடுத்து மேசைமேல் கொட்டினாள். உருண்டுபோன ஒன்றை வாட்ச்மேன் பிடித்தார், என்ன என்று தெரிந்ததும் வேகமாகத் திருப்பி வைத்தார். "பேர் எழுத வேண்டாம், நம்பர்தான். செயலாளர் சார் முதல்ல ஒண்ணு எடுத்துக்கட்டும். சிவப்பும் மஞ்சளும் கலந்த மாத்திரை மூணு தடவை வாங்கியிருக்கார். அவருக்கு இல்லைன்னு வந்தா, அன்னைக்கே வக்கீலை நானே கொண்டுபோய் விட்டுடறேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

கடைசி வரிசையில் தம்பி மனைவி எழுந்து நின்றுவிட்டாள். பெரும்பாலானவர்களுக்கு இருக்காது என்று லேப்காரர் சொல்லியிருந்தார். இந்தப் பந்தயத்தில் குச்சியக்கா தோற்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அது அவளுக்கும் தெரியும். கயிற்றைப் பிடித்திருந்த கை மட்டும் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றிக்கொண்டது.

செயலாளர் குழாயைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். "இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு" என்றார். "சங்கத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"குச்சிக்கும் இருக்கு சார்."

டீச்சர் எழுந்து வந்து ஒரு குழாயை எடுத்துக் கைப்பையில் போட்டாள். "எனக்குத் தெரியணும்பா. எழுபது வயசுல எதுக்கு வெக்கம்." அவளுக்குப் பின் எதிர்வீட்டுக்காரர். பிறகு வெகுநேரம் ஒருவரும் இல்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக, கல்யாண வீட்டில் இரண்டாம் தடவை இனிப்பு எடுக்கிறவர்கள் மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டே வந்து எடுத்தார்கள். மொத்தம் ஏழு. செயலாளர் எடுக்கவில்லை. கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று மட்டும் சொன்னார். நோட்டீஸ் பலகையிலேயே இருந்தது.

பிறகு வந்த முடிவில், ஏழில் இரண்டில் இருந்தது. யாருடையது என்று எடுத்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

திங்கட்கிழமை கெடு முடிந்தது. அவள் வக்கீலை முன்வாசல் வழியாகவே கூட்டிப்போய் முன்வாசல் வழியாகவே கூட்டிவந்தாள். வாட்ச்மேன் சங்கடமாக எதிரே நின்றார். "அக்கா, உள்ள வந்தா பிடிச்சு வெளிய விடச் சொல்லியிருக்காங்க."

"பிடி. எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்லித் தரவா?"

அவர் நாயைப் பார்த்தார். நாய் குரைத்தது. அவர் கேட்டைத் திறந்துவிட்டு, கேட்டுக்கே எண்ணெய் போடப் போய்விட்டார்.

தம்பி மனைவியிடம் இப்படிச் செல்லாது. அதைக் குச்சியக்கா செய்யவும் இல்லை. அன்று மாலை சமையலறையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"அண்ணி, அவர் குழாயை எடுத்து நீங்க தோத்திருந்தா?"

"கொண்டுபோய் விட்டிருப்பேன்."

"நீங்களுமா போயிருப்பீங்க?"

குச்சியக்கா நாய்க் கயிற்றைச் சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதுவே பதில் என்று தம்பி மனைவிக்குத் தெரிந்தது.

"அந்த மாத்திரையை இவரும் தின்னாரா?"

"உனக்குத் தெரியாம நிறைய."

தம்பி மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் விதி சொல்கிற குரலில் சொன்னாள். அவர் தேறும்வரை நாய் பால்கனியிலும் அண்ணியின் அறையிலும்தான். சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது. முகத்தை நக்கக் கூடாது. கழிவைக் கையுறை போட்டு எடுக்கணும், எடுத்ததும் கை கழுவணும். "இதெல்லாம் உங்களுக்கும் சேர்த்துத்தான். உங்களுக்கும் இருக்கில்ல?"

"நான் யார் முகத்தையும் நக்கறதில்லம்மா."

அவள் சிரித்துவிட்டாள். பதினெட்டு நாளில் முதல் தடவை.

தம்பி வந்தான். மெலிந்திருந்தான். அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வக்கீல் ஒரு மணி நேரம் வாதாடியது. மூன்றாம் வாரம் அவனுக்குத் தும்மல் வந்தது. "அக்கா, பிரிட்ஜு மேல..." என்று ஆரம்பித்தான். இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். வெந்நீர் கேட்டு வாங்கிக்கொண்டான்.

கட்டடத்தில் அவளைத் தேடி வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். சிலர் படியில் பார்த்தால் பேசுவதில்லை. "ஒரே ஒரு மாத்திரை இல்லாமலா போயிருக்கும்" என்று ஒரு நாள் கீழ்வீட்டுக்காரி கோபித்துக்கொண்டாள். "டாக்டர்கிட்ட போ. எழுதினதை முழுசா தின்னு" என்று குச்சியக்கா கதவைச் சாத்தினாள். கிளினிக்கில் யாராவது மிச்ச அட்டையை நீட்டினால் வாங்குவதில்லை. "எத்தனை நாள் குடுத்தீங்க? ரெண்டா? மிச்சத்தை யார் குடுக்கறது, நானா?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டாள். டாக்டர் உள்ளேயிருந்து, "அக்கா, வர்ற கிராக்கி ஓடிடும்" என்றார். "ஓடட்டும். நாய் நிக்கும்" என்றாள்.

எட்டு மாதம் கழித்து லேப்காரர் மறுபடி மாதிரி கேட்டார். வக்கீலின் தட்டில் எல்லாக் காகிதத்தைச் சுற்றியும் வளையம் இருந்தது. அவளுடைய தட்டில் இன்னும் ஐந்துக்கும் இல்லை. "நாய் முந்திக்கிச்சு அக்கா" என்றார்.

அந்த முடிவு வந்த அன்று மாலை நடையிலிருந்து திரும்பி, வக்கீலோடு லிஃப்டில் ஏறினாள். கதவு மூடப்போகும் நேரத்தில் செயலாளர் உள்ளே காலை வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். பின்வாங்க முடியவில்லை. கதவு மூடியது.

"இப்போ..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்போ இதுக்கு எப்படி இருக்கு?"

"அதுக்குப் போயிடுச்சு சார். எனக்குத்தான் இன்னும் இருக்கு."

செயலாளர் நாலாவது மாடிப் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினார். பிறகு அவளை விட்டு விலகி, நாயின் பக்கமாக நகர்ந்து நின்றார். வக்கீல் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தது.